எட்டு விநாடி, எட்டாயிரம் துண்டு

எட்டாயிரம் துண்டுகளில் ஏழாயிரத்து ஐந்நூற்று அறுபதுக்குச் சம்மதம் வந்துவிட்டது. மிச்சம் நானூற்று நாற்பது. அத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தன. அந்த ஆள் கடிதத்துக்கும் பதில் போடவில்லை, போனையும் எடுக்கவில்லை.

இதைச் சொல்லத்தான் தேவநாதன் சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு வந்திருந்தார். துண்டுகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் கம்பெனியில் அதிகாரி. மாரிக்கனியின் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே மாரிக்கனியும் அவள் தம்பி செண்பகராஜும். கதவோரம் சீனியம்மா. தீப்பெட்டி ஆபீசில் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. அவளிடம் ஐந்து துண்டு இருந்தது.

"சார், எனக்கு இது இன்னைக்கு வரைக்கும் வெளங்கல," என்றாள் சீனியம்மா. "செம்பகம் வாங்கச் சொல்லுச்சு, வாங்கினேன். நம்பர் போட்ட படம் ஒண்ணு குடுத்தீய, செவுத்துல மாட்டியிருக்கேன். அதுக்குள்ள என்னதான் இருக்கு?"

தேவநாதன் சிரித்தார். "உங்க துண்டு எந்த நம்பர்ம்மா?"

"மூவாயிரத்து நானூத்துப் பதினேழுல இருந்து அஞ்சு."

"அப்ப நம்ம மாரிக்கனி மேடம் முன்னால ஓடி வர்ற நேரம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால தென்மண்டல ஹாக்கி லீக் இறுதி ஆட்டம். சமநிலையில முடிஞ்சு, தனி அடிக்குப் போச்சு. ஒருத்தர் பந்தைத் தள்ளிக்கிட்டு வருவாங்க, கோல்கீப்பர் தடுக்கணும், எட்டு செகண்டுதான் நேரம். கடைசி அடியை மேடம் தடுத்தாங்க, கோவில்பட்டிக்குக் கோப்பை வந்தது."

"அதெல்லாம் பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அந்த வருஷம் ஆடினவங்க எல்லாருக்கும் உள்சட்டையிலயும் தலைக்கவசத்துலயும் உணரி வெச்சிருந்தாங்க. உடம்புக்குள்ள நடக்கறது அப்படியே பதிவாகும். தசை இழுக்கறது, மூச்சு, தோல்ல படறது, எல்லாம். நினைப்பு பதிவாகாது, உடம்பு மட்டும்தான். ஆட்டக்காரங்க உடம்பை இப்படி எடுத்து விக்கறது சரியில்லைன்னு அடுத்த வருஷமே தடை வந்துடுச்சு. அதனால அந்தப் பதிவு உள்ள அட்டை உலகத்துலயே மொத்தம் பதினாலுதான் இருக்கு. அதுல மேடத்தோட அட்டை ஒண்ணு."

மெய்யட்டை என்பது அதன் பெயர். பெயர் வைத்தவர் உடம்பு என்ற அர்த்தத்தில்தான் வைத்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் அரிய அட்டை ஒன்றைப் பணக்காரர் ஒருவர் வாங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைப்பார். பிறகு ஒரே அட்டையைப் பல பேர் பங்கு போட்டு வாங்கும் வழக்கம் வந்தது. மெய்யட்டைக்கு வந்தபோது பங்கு என்பது வெறும் தாளில் எழுதிய கணக்காக இல்லை. அட்டையையே நறுக்கிவிட்டார்கள். எட்டு விநாடி எட்டாயிரம் துண்டாயிற்று. ஒரு துண்டு, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும், கம்பெனிகூட, அதைத் திறக்க முடியாது. சொந்தக்காரர் திறந்தாலும் ஒன்றும் தெரியாது, கண் இமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லையே. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் நூறு, இருநூறு சேர்ந்தால்தான் உடம்புக்கு ஏதாவது உறைக்கும். அதனால் யாரும் திறந்து பார்க்கவில்லை. வாங்கினார்கள், விலை ஏறுகிறதா என்று பார்த்தார்கள், சுவரில் மாட்டினார்கள். கோவில்பட்டியில் மட்டும் அறுநூறு வீட்டில் அந்தப் படம் தொங்கியது. டீக்கடைச் சுவரில், தையல் கடையில், ஆட்டோவுக்குள்ளேகூட.

அந்த அறுநூறு பேரையும் சேர்த்துவிட்டது செண்பகராஜ். லேத் பட்டறை வைத்திருந்தான். கம்பெனிக்காரன் சொல்லி இல்லை, அவனாகவே வீடு வீடாகப் போய்ச் சொன்னான். எங்கக்கா உடம்பு சார், ஊருக்குள்ளயே இருக்கட்டும் என்றான்.

இப்போது வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று அட்டையை முழுதாகக் கேட்கிறது. யாரும் கனவிலும் நினைக்காத விலை. ஒரே நிபந்தனை: எட்டாயிரம் துண்டையும் இணைத்துத் தர வேண்டும். அவர்களுடைய நிபுணர், பதிவை உடம்பில் உணரவைக்கும் சட்டையை மாட்டிப் பார்த்து, இது அசல் தடுப்புதான் என்று சான்று கொடுக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் வேண்டாம்.

"அந்த நானூத்து நாப்பது எந்த நம்பர் சார்?" என்று கேட்டாள் மாரிக்கனி.

"ஏழாயிரத்து ஐந்நூத்து அறுபத்தொண்ணுல இருந்து கடைசி வரைக்கும் மேடம். கடைசி அரை செகண்டுன்னு வெச்சுக்குங்க. பேர் விலாசம் நாங்க வெளிய சொல்லக்கூடாது. ஆனா பதிவுக்குரியவங்க, அதாவது நீங்க கேட்டா, விலாசம் மட்டும் குடுக்கலாம். நீங்களே நேர்ல போய்க் கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்க."

"நீ போனாப் போதும்க்கா," என்றான் செண்பகராஜ். "ஒன் மூஞ்சியப் பாத்தா கையெழுத்துப் போட்டுருவாங்க."

மாரிக்கனி காப்பி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்தவள் பாலை ஏற்ற மறந்து வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாள் கழித்துக் காலை வண்டியில் திருச்சிக்குக் கிளம்பினாள். மின்சார அலுவலகத்தில் விடுப்புச் சொல்லியிருந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை அது. கோப்பை வந்த ஆறாவது மாதம் கிடைத்தது. கையெழுத்து வாங்கிவரப் போகிறாள் என்று ஊரே வழியனுப்பியது. அவளோ, கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்று அந்த முகம் தெரியாத ஆளின் காலில் விழுவதாக முடிவு செய்துகொண்டுதான் வண்டியேறினாள்.

ஏனென்றால் அந்தப் பந்து உள்ளே போய்விட்டது.

சாரல் அடித்துக்கொண்டிருந்த நாள். கோல் பக்கத்துக் கேமரா நனைந்து நின்றுபோயிருந்தது. எதிரணிப் பெண் பந்தை இடப்பக்கம் தள்ளுவதுபோல் காட்டி வலப்பக்கம் வெட்டினாள். மாரிக்கனி சறுக்கி விழுந்தாள். பந்து கோட்டைத் தாண்டி அவள் குதிகாலில் பட்டு நின்றதை அவள் உணர்ந்தாள். அடுத்த கணம் கால் தானாகவே மடங்கிப் பந்தை வெளியே இழுத்து உடம்புக்கடியில் போட்டுக்கொண்டது. நடுவர் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். கோல் இல்லை என்று கை காட்டிவிட்டார். எதிரணிப் பெண் கத்தினாள். நடுவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு வருஷம் ஆடக்கூடாது என்று தடை விதித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ரயில்வே வேலை கிட்டத்தட்ட உறுதியாகியிருந்தது என்றும், அது கைநழுவிவிட்டது என்றும் பின்னால் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். மாரிக்கனி கேட்டுக்கொண்டாள்.

விலாசம் பொன்மலையில் ஒரு மாவு மில்லுக்குக் கொண்டுபோய் விட்டது. மிஷின் இரைச்சலில் காது அடைத்தது. வரிசையில் நாலைந்து பேர் தூக்குவாளியோடு நின்றார்கள். பின்னாலேயே அவளும் நின்றாள். மாவு படிந்த முண்டாசும் முகமூடியுமாய் ஒரு பெண் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அரைக்கணும்?" நிமிரவில்லை.

"அரைக்க ஒண்ணுமில்ல. நான் கோவில்பட்டியில இருந்து வாரேன். அட்டை விசயமா..."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் முகம் அகலமாகிவிட்டது. ஆனால் அந்தக் கண்கள், பந்தைத் தள்ளிக்கொண்டு நேரே மாரிக்கனியை நோக்கி வந்த அதே கண்கள்.

அன்று அந்தக் கடைசி அடியை அடித்த ஜெசிந்தா கையை நீட்டி மிஷினை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அரை மணி நேரம் கழிச்சு வாங்க எல்லாரும்," என்றாள். "கரண்டு இல்லன்னு வெச்சுக்குங்க."

உள்ளே மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைக் காட்டினாள். மாரிக்கனி உட்காரவில்லை.

"நீங்கதான் வாங்கியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது," என்றாள்.

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா?"

மாரிக்கனி தோள்பையை இறக்கி ஸ்டூல் மேல் வைத்தாள்.

"நான் கத்தினப்ப ஒருத்தரும் நம்பல," என்றாள் ஜெசிந்தா. "எங்க கோச் நம்பல. எங்கப்பா, தோத்ததை ஒத்துக்கப் பழகுன்னார். கூட ஆடினவளுங்க முதல்ல ஆமாம்னாளுங்க, ஒரு மாசத்துல அவளுங்களுக்கும் சந்தேகம் வந்துடுச்சு. அப்புறம் எனக்கே வந்துடுச்சு. தோத்த வெறியில இல்லாததைப் பார்த்துட்டேனோ, அதுக்குப் போயா ஒரு பெரிய மனுஷன் சட்டையைப் பிடிச்சேன்னு. வேலை போனதைக்கூடத் தாங்கிக்கலாம். நம்ம கண்ணையே நம்ம நம்ப முடியாமப் போறது இருக்கே, அது வேற."

தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

"அந்த நேரத்துல இந்தத் துண்டு விக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். கடைசித் துண்டுல இருந்து பின்னாடியே வாங்கிக்கிட்டு வந்தேன். ஒண்ணு, ரெண்டு, பத்துன்னு. பதினோரு வருஷம். இருநூறு சேர்ந்ததும் சென்னைக்குப் போய் மாட்டிப் பார்த்தேன். பந்தே வரல, பந்து வந்து போனதுக்கப்புறம் நீ படுத்துக் கிடக்கறதுதான் இருந்தது. திரும்பி வந்து இன்னும் வாங்கினேன். நானூத்து நாப்பதாவதுல கிடைச்சது."

"என்ன கெடச்சது?"

"உன் இடது தோள் கம்பத்துல இடிக்குது. கம்பம்தான் கோடு. அதே நேரத்துல பந்து உன் வலது குதிகால்ல வந்து முட்டுது. குதிகால் கம்பத்துக்கு ஒரு முழம் பின்னாடி இருக்கு." ஜெசிந்தா அவளையே பார்த்தாள். "உனக்குத் தெரியாததா?"

"உள்ள போயிட்டு," என்றாள் மாரிக்கனி.

"என்ன?"

"பந்து உள்ள போயிட்டு. நான்தான் கால வச்சு வெளிய இழுத்தேன்."

பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தைகளை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. புருஷனிடம் சொன்னதில்லை. அவன் செத்தபோது, இவனுக்குக்கூடச் சொல்லவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் ஜெசிந்தா.

சொன்னாள். ஜெசிந்தா மூட்டை மேல் உட்கார்ந்து முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் இருந்த மாவெல்லாம் ஈரமாகித் திட்டுத் திட்டாக ஒட்டியது.

மாரிக்கனி கேட்டாள். "தெரிஞ்ச பொறவும் ஏன் வெளிய சொல்லல?"

"சொல்லாமலா? முதல் மாசம் லீக்குக்கு மூணு கடிதம் போட்டேன். துண்டு வெச்சிருக்கறவங்க பேச்சை ஆதாரமா எடுத்துக்க மாட்டோம், முழு அட்டை வேணும்னு பதில் வந்தது. முழு அட்டைக்கு நான் எங்க போவேன்? துண்டுக்காரங்க பட்டியல் கேட்டேன். பேர் தர மாட்டாங்க, தொழில் மட்டும் போட்டுக் குடுத்தாங்க. தீப்பெட்டித் தொழிலாளி, தையல், ஆட்டோ, டீக்கடை, தீப்பெட்டித் தொழிலாளி, தீப்பெட்டித் தொழிலாளின்னு பக்கம் பக்கமா. இவங்க வாயில மண்ணைப் போட்டுட்டு எனக்கு என்ன வரப்போகுதுன்னு விட்டுட்டேன். நான் பைத்தியம் இல்லன்னு தெரிஞ்சதே போதும்னு இருந்துட்டேன்." எழுந்தாள். "இப்ப நீ எதுக்கு வந்தே? போடுன்னு சொல்லவா, போடாதேன்னு சொல்லவா?"

"வண்டியேறும்போது, போடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"இப்ப?"

"தெரியல."

"நான் கையெழுத்துப் போட்டா அந்த வெளிநாட்டுக்காரன் மாட்டிப் பார்ப்பான். நீ திருடின்னு அவன் வாயால உங்க ஊர் கேக்கும். போடலன்னா, பொன்மலைக்காரி ஒருத்தி பொறாமையில எல்லாத்தையும் கெடுத்துட்டான்னு என்னை உங்க ஊர் பேசும். ரெண்டாவது எனக்குப் பழக்கம்தான். ஆனா இந்தத் தடவை நான் எதையும் முடிவு பண்ண மாட்டேன். நீ போய் உங்க ஊர்ல உன் வாயால சொல்லு. சொன்னதுக்கப்புறம் வா, கையெழுத்துப் போடறேன்."

வெளியே தூக்குவாளிச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா முகமூடியை ஏற்றிக்கொண்டாள்.

"தள்ளி நில்லு, மிளகாய் அரைக்கப் போறேன். கண்ணு எரியும்."

செண்பகராஜ் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே காரியம் பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முடிந்ததும் கீழே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"நான்தானக்கா எல்லாத்தையும் சேத்துவிட்டேன்," என்றான். "ஒவ்வொரு வீட்டுலயும் எங்கக்கா எங்கக்கான்னு சொன்னேன்."

"தெரியும்டா."

"நீ ஒரு வார்த்த எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா."

வண்டியில் வந்தவர்களெல்லாம் கலைந்துபோன பிறகு அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"ஒரு வாரம் பொறு. இப்ப நல்ல வெல ஓடுது. நம்ம ஊர்க்காரங்ககிட்ட காதோட காது வச்சாப்புல சொல்லி, அம்புட்டுப் பேரையும் வித்துட்டு வெளியேறச் சொல்லிருதேன். பொறவு நீ சொல்லு. யாருக்கும் நட்டமில்ல."

"வாங்குதவனுக்கு?"

"அவன் எவனோ."

"அவனுக்கும் ஒருத்தன் வீடு தேடிப் போயிச் சொல்லித்தான் வாங்குவான் செம்பகம். ஒன்னைய மாதிரியே நல்லவனா ஒருத்தன்."

செண்பகராஜ் கையிலிருந்த வேப்பங்குச்சியைத் துண்டு துண்டாக ஒடித்துப் போட்டான். பிறகு எழுந்துபோய் வண்டியைக் கிளப்பினான். வீட்டு வாசலில் நிறுத்தினான். இறக்கிவிட்டபோது, "ஞாயித்துக்கெழம மண்டபம் சொல்லி வைக்கேன். பத்து மணிக்கு," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. நல்ல செய்தி என்று நினைத்து வந்திருந்தார்கள். சிலர் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் ஒருவர் தன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டு வந்திருந்தார், அதில் கையெழுத்து வாங்குவதற்கு.

மாரிக்கனி மேடையேறவில்லை, கீழேயே நின்று சொன்னாள். நீட்டி முழக்கவில்லை. பந்து உள்ளே போனது, தான் வெளியே இழுத்தது, பேசாமல் இருந்தது, அந்தப் பெண்ணின் பெயர் ஜெசிந்தா, அவளுக்கு என்னவெல்லாம் போனது. இணைத்தால் எல்லாம் தெரிந்துவிடும், அந்த விலை வராது, இனி எந்த விலையும் வராது.

சொல்லி முடிக்கும் முன்பே பின்வரிசையில் சிலர் போனை எடுத்துவிட்டார்கள். துண்டை விற்றுவிடக் கட்டைவிரல்கள் அவசரமாக ஓடின. செண்பகராஜ் அதைப் பார்த்தான். தடுக்கப் போனவன் நடுவழியில் நின்றுவிட்டான்.

"பத்தொம்பது வருசம் வாய மூடிட்டு இருந்தவளுக்கு இன்னும் பத்து நாளு இருக்க முடியலயா?" என்று ஒருவர் கத்தினார். ஆட்டோ ஓட்டுபவர். அவருடைய மகளின் கல்லூரிச் சேர்க்கை அடுத்த மாதம். "ஒனக்குப் பாரம் எறங்கணும்னா எங்க தலையில எறக்குவியா?"

அவர் கேட்டது சரிதான் என்று மாரிக்கனிக்குத் தோன்றியது. சத்தம் கூடியது. யாரோ ஒரு நாற்காலியை உதைத்துத் தள்ளினார்கள். செண்பகராஜ் போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

சீனியம்மா எழுந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு ரெயில்வே வேலை போனது நெசமா?"

"நெசம்க்கா."

"இப்ப என்ன செய்யுதா?"

"மாவு மில்லு வச்சிருக்கா."

சீனியம்மா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு இந்த அஞ்சு துண்டத் தவுர சேத்து வச்சது ஒண்ணுமில்ல. மவளுக்கு வீடு பூசணும்னு இருந்தேன். நீ சொன்னதுல எனக்கு ஒரு சந்தோசமும் இல்ல தாயி. கேட்டுட்டு வயிறு எரியுது," என்றாள். "ஆனா நான் இப்ப இதப் போயி விக்க மாட்டேன். மாவு மில்லுக்காரி மாதிரி எவளாச்சும் வாங்கித் தொலச்சிருவா." செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். போன் வைத்திருந்தவர்களில் சிலர் மூடி வைத்தார்கள், சிலர் மூடவில்லை.

மாலைக்குள் விலை சரிந்துவிட்டது. அருங்காட்சியகம் இரண்டு வரியில் விலகிக்கொண்டது. பட்டறைப் பக்கம் இரண்டு மாதம் ஆளே வரவில்லை; செண்பகராஜ் தினமும் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். மாரிக்கனி தன் அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டாள். கோப்பு மேலே போயிருக்கிறது, முடிவு வரும்வரை வேலைக்கு வரலாம் என்றார்கள். வந்தாள், போனாள். அலுவலகத்தில் அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று அரட்டை அடித்தவர்கள் இப்போது வேறு மேஜையில் நின்றார்கள்.

லீக்கில் விசாரணைக் குழு அமைத்தார்கள். வாக்குமூலம் மட்டும் போதாது, அட்டை வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே கொடுத்த சம்மதம் செல்லுபடியாகவே இருந்தது. ஜெசிந்தா சொன்னபடி கையெழுத்துப் போட்டாள். மதுரையில் ஒரு அரங்கத்தின் பின்னறையில், ஒரு வியாழக்கிழமை முற்பகல், தேவநாதன் எட்டாயிரம் துண்டையும் ஒன்றாக்கினார்.

"வாங்கறதுக்கு ஆள் இல்லாம ஒரு அட்டையை இணைக்கறது இதுதான் முதல் தடவை," என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்தது. அவரிடமும் இருபது துண்டு இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

குழுவில் மூன்று பேர். ஒருவர் பின் ஒருவராகத் தலைப்பட்டையும் சட்டையும் மாட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் சாய்ந்தார்கள். முதலாமவருடைய உடம்பு எட்டு விநாடிக்கு விறைத்துத் துடித்தது. எழுந்ததும் தன் வலது குதிகாலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூவரும் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: கோல். ஜெசிந்தா அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் மீதிருந்த தடையைக் குறிப்பேட்டிலிருந்தே நீக்குவதாகக் குழுத் தலைவர் சொன்னார். "சரிங்க சார்," என்று மட்டும் சொன்னாள்.

எல்லாரும் கிளம்பும் நேரத்தில் தேவநாதன் மாரிக்கனியைக் கேட்டார். "நீங்க மாட்டிப் பார்த்ததே இல்லையே மேடம்? பதிவை வித்த ஆட்டக்காரங்களுக்கு உரிமை கிடையாதுன்னு அப்ப ஒப்பந்தத்துல போட்டிருந்தாங்க. இனிமே யார் கேக்கப் போறாங்க?"

அவள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா தலையசைத்தாள்.

சட்டை குளிர்ச்சியாக இருந்தது. கண்ணை மூடினாள்.

முதலில் கால்கள். பத்தொன்பது வயதுக் கால்கள், வலி என்பதே இல்லாதவை. தலைக்கவசத்துக்குள் சூடான மூச்சு. முன்னோக்கி ஓட்டம், மட்டையின் கனம், இடுப்பு திரும்புவது, தொடை தரையில் உரசுவது. இடது தோளில் கம்பம் இடித்தது. குதிகாலில் பந்து முட்டியது. கால் மடங்கியது. அந்த இடத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள். அவள் நினைவில் இருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

முடியவில்லை. இன்னும் ஒரு சொட்டு நேரம் மிச்சம் இருந்தது. தலை நடுவர் பக்கம் திரும்பியது. நெஞ்சு விரிந்து மூச்சை உள்ளே இழுத்தது. அது ஓடியவளின் இளைப்பு மூச்சு இல்லை, பேசுவதற்காக இழுக்கும் மூச்சு. வாய் திறந்தது. 'சார்' என்று சொல்லப் போகிற நாக்கு மேலேறி மேல்பல்லுக்குப் பின்னால் போய் நின்றது.

எட்டு விநாடி முடிந்தது.

மாரிக்கனி பட்டையைக் கழற்றாமல் அப்படியே கிடந்தாள். தேவநாதன் பதறி அருகில் வந்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"சொல்லப் பாத்திருக்கேன்," என்றாள். "எனக்கு நெனப்பே இல்ல."

"தெரியும்," என்றாள் ஜெசிந்தா. நாற்காலியருகே வந்து நின்றிருந்தாள். "எத்தனையோ தடவை மாட்டிப் பார்த்திருக்கேன்."

"அன்னைக்கு மில்லுல ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா அதுவே போதும்னு வீட்டுக்குப் போயிருப்பே. ஊருக்குச் சொல்லியிருக்க மாட்டே."

மாரிக்கனி எழுந்து உட்கார்ந்தாள். பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அதுக்குப் பொறவு என்ன நடந்துச்சு? அட்டையில இல்லையே."

"அட்டையில இல்ல. நான் ரெண்டடி தள்ளி நின்னேன், எனக்குத் தெரியும். உங்க டீம் புள்ளைங்க மொத்தமா ஓடி வந்து உன் மேல விழுந்தாங்க. நீ அவங்களுக்கு அடியில போயிட்டே." ஜெசிந்தா நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தாள். "அவங்க உன்னை மூடிட்டாங்களா, நீயா ஒளிஞ்சுக்கிட்டியா, அது மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

தேவநாதன் மிஷினின் விளக்கை அணைத்தார். மாரிக்கனி ஜெசிந்தாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒளிஞ்சுக்கிட்டேன்," என்றாள்.